துடைக்காமல் விட்ட விரிப்பு

உடற்கல்விப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பிடி போடுவதை எப்படிச் சொல்லித் தருவது, எந்த எடைக்கு யாரை இறக்குவது, பெண்கள் அணிக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்றெல்லாம் கேட்டீர்கள். நான் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேனே தவிர உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. பிடியெல்லாம் இப்போது செல்போனைத் தட்டினால் என்னைவிட நன்றாகச் சொல்லித் தர ஆள் இருக்கிறது. எனக்குச் சொல்ல இருப்பது ஒரு வாளியையும் ஒரு பழைய துணியையும் பற்றித்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு வருஷம் தென்காசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் குஸ்தி சொல்லிக் கொடுத்தவன் கடைசியில் கையில் வைத்திருப்பது அதைத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குஸ்தி நடக்கிற அந்தத் தடித்த விரிப்பை நாம் எல்லோரும் மேட் என்றுதான் சொல்வோம். ஆனால் "மேட்டில் விழுந்தான்" என்று எழுதினால் வெளியாள் யாராவது படித்துவிட்டு, பையன் ஏதோ மண்மேட்டில் விழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வார். அதனால் விரிப்பு என்றே எழுதுகிறேன்.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பையன்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை ஓய்வு பெற்ற அன்றுதான் சொன்னார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை. கோபக்காரன் தப்பு செய்தால் என்ன ஆகும் என்றால், பக்கத்தில் இருக்கிற யாரும் அதை அவனிடம் சொல்லமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகப் போட்டிக்கு முதல் நாள், பையன்களுக்குத் தெம்பு வரட்டும் என்று பிரானூர் பார்டர் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய் நான்தான் புரோட்டாவும் கோழியும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் எடை பார்க்கும்போது மூன்று பேர் எடை கூடி வெளியே வந்தார்கள். அதில் ஒருவன் முந்தைய ராத்திரியே, சாப்பிட்டால் எடை தாண்டுமோ என்று நினைத்தானாம். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டான். பையன்களை நான் திட்டின திட்டு அந்த ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். வாங்கிக் கொடுத்தது யார் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அது போகட்டும். நான் சொல்ல வந்தது பேச்சியம்மாளைப் பற்றி.

எங்கள் கல்லூரியில் ரொம்ப காலம் ஆண்கள் குஸ்தி மட்டும்தான் இருந்தது. பழைய நூலகக் கூடம் காலியானபோது கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி விரிப்பைப் போட்டிருந்தேன். ஒரு நாள் கீழப்பாவூரிலிருந்து வந்து படிக்கிற ஒரு முதல் வருஷப் பிள்ளை வாசலில் வந்து நின்றது. அதுதான் பேச்சி. பொம்பளப் பிள்ளையளுக்கு குஸ்தி கிடையாதா என்று கேட்டாள். கபடி இருக்கிறது போ என்று அனுப்பிவிட்டேன். அடுத்த நாளும் வந்தாள், அதற்கு அடுத்த நாளும் வந்தாள். நாலாம் நாள் இன்னும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பல்கலைக்கழகப் போட்டிப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தாள். அதில் பெண்கள் மல்யுத்தம் என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தாள். கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முதல்வரிடம் போனேன். ஆண்கள் காலையில், பெண்கள் சாயங்காலம், நேரம் ஒன்றோடொன்று முட்டக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அவர் ஒத்துக்கொண்டார். இருந்தது ஒரு கூடம், ஒரு விரிப்பு. காலையில் பையன்கள் புரண்ட இடத்தில் சாயங்காலம் பிள்ளைகள் புரள ஆரம்பித்தார்கள்.

முதல் நாள் பேச்சி விரிப்பில் கால் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். திரும்பிப் போய் எங்கிருந்தோ ஒரு வாளித் தண்ணீரும் கிருமிநாசினியும் துணியும் கொண்டுவந்தாள். மூன்று பேரும் முழங்கால் போட்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை துடைத்தார்கள். வேடிக்கை பார்க்க நின்ற பையன்களில் ஒருவன், கோலமும் போட்டிருங்க என்று கிண்டலடித்தான். பேச்சி துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"நீங்க மூஞ்சிய வைக்குத எடத்துலதாம்லே நாங்களும் மூஞ்சிய வைக்கணும்."

அதன்பிறகு மூன்றாம் வருஷம் வரைக்கும், பயிற்சி இருக்கிற எல்லா நாளும், அவள் துடைத்த பிறகுதான் பெண்கள் பயிற்சி ஆரம்பிக்கும். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

நல்ல ஆட்டக்காரி. ஐம்பத்து மூன்று கிலோவில் எங்கள் பக்கத்தில் அவளை நின்று தள்ள ஆள் குறைவு. வீட்டில் குளத்துப் பாசனத்தில் கொஞ்சம் வயல். பெரியப்பா பையன்கள் இரண்டு பேர் போலீசில் இருந்தார்கள். இவளுக்கும் அதே ஆசை. அவள் அப்பா என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார். மூன்றாம் வருஷம் முடிந்ததும் மாப்பிள்ளை பார்ப்பார். ஆனால் அதற்குள் பிள்ளை பல்கலைக்கழக அணிக்குப் போய்விட்டால், அந்தச் சான்றிதழ் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் உதவும் என்பதால், பொறுத்திருப்பார். பல்கலைக்கழக அணிக்குப் போக வேண்டுமென்றால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முதலாவது வர வேண்டும். மூன்றாம் வருஷம் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு போட்டிதான். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் சாரல் மழை நின்றபாடில்லை. குற்றாலத்துக்கு வந்தவர்கள் சந்தோஷமாகக் குளித்துவிட்டுப் போனார்கள். எங்கள் கூடத்தில் துணி காயவில்லை, சுவர் காயவில்லை, விரிப்பும் காயவில்லை. துடைத்தால் இரண்டு மணி நேரமானாலும் ஈரம் நிற்கும். வழுக்கி யாராவது முழங்காலைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். சாரல் முடிகிற வரைக்கும் துடைக்க வேண்டாம் என்று பேச்சியிடம் சொன்னேன். அவள் வாளித் தண்ணீரை வெளியே கொட்டினாள். பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் இசக்கிராஜா வந்தான். இலத்தூர்ப் பையன், ஆண்கள் அணியில் எனக்கு இருந்த ஒரே தங்க நம்பிக்கை. காலையில் பயிற்சி முடிந்ததும் இவனும் இன்னும் இரண்டு பேரும் ஐந்தருவிக்கு ஓடிவிடுவார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே துண்டு. நம் ஊரில் யார் அருவிக்குப் போனாலும் அப்படித்தானே போகிறோம். முழங்கைக்குக் கீழே வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் தடித்திருந்த இடத்தை என்னிடம் காட்டினான். பார்த்ததும் தெரிந்துவிட்டது, படர்தாமரை; எங்கள் பக்கத்தில் படை என்பார்கள். குஸ்தியில் இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எவ்வளவு வேகமாகப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோலில் அது இருந்தால் போட்டியில் இறங்கவே விடமாட்டார்கள்.

நான் செய்ய வேண்டியது மூன்றே காரியம். அவனை இரண்டு வாரம் உட்கார வைக்க வேண்டும், எல்லோரிடமும் சொல்ல வேண்டும், ஈரமோ சேறோ விரிப்பைத் துடைக்க வேண்டும். நான் செய்தது வேறு. அந்த மாதம் முதல்வர் என்னைக் கூப்பிட்டு, இந்த வருஷம் மெடல் ஒன்றும் வராவிட்டால் அந்தக் கூடத்தைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். கூடம் போனால் ஆண்கள் குஸ்தி, பெண்கள் குஸ்தி இரண்டும் போச்சு. இசக்கியிடம் மருந்தைப் பூசு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வா, யாரிடமும் மூச்சுவிடாதே என்றேன். எல்லோரையும் காப்பாற்றத்தான் செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துடைக்க வேண்டாம் என்று சொன்ன பேச்சைத் திரும்ப வாங்கவும் இல்லை. வாங்கினால் ஏன் என்று கேட்பார்களே.

போட்டிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது பேச்சியின் பிடரியில், முடி முடிகிற இடத்தில் வந்துவிட்டது. கூட இருந்த பிள்ளைதான் முதலில் பார்த்தது. அன்று சாயங்காலம் பேச்சி தனியாக வந்து கேட்டாள்.

"சார், காலையில வார பயலுவள்ல யாருக்காவது படை இருக்கா?"

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று சொன்னேன்.

இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருப்பேன். பஸ் கிடைக்கவில்லை என்று முதல்வரிடம், காய்ச்சல் என்று வீட்டுக்காரியிடம். அதெல்லாம் மறந்துவிட்டது. இந்த ஒரு சொல் மட்டும் மறக்கவில்லை. அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடமும் மருந்தைக் கொடுத்தேன். ஐந்து நாளில் அது அடங்காது என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

போட்டி வேறு ஊர்க் கல்லூரியில். எடை பார்ப்பதற்கு முன்னால் டாக்டர் ஒவ்வொருவருடைய தோலையும் பார்ப்பார். பெண்களுக்குத் தனி அறை, பெண் டாக்டர். நான் தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்டர் வாங்கி வந்திருந்தேன். அதை எங்கள் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்து, பேச்சியின் பிடரியில் ஒட்டிவிட்டு, விரிப்பு உரசின காயம் என்று சொல்லச் சொன்னேன். உரசல் காயம் யாருக்குத்தான் இல்லை, எல்லோரும் ஒட்டிக்கொண்டுதான் வருவார்கள். பேச்சி தலையைக் குனிந்து ஒட்ட விட்டாள்.

வெளியே வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தள்ளி ஒரு தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். பேச்சிக்கு அடுத்ததாக இருந்தது வேறொரு கல்லூரிப் பிள்ளை, முதல் வருஷம், அதே ஐம்பத்து மூன்று கிலோ. முதல் போட்டி போலிருக்கிறது, பின்னலைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தது. பேச்சி அவள் கையைத் தட்டிவிட்டு, முடியை வாங்கி இறுக்கிப் பின்னிவிட்டாள். பிடரியில் ஒரு முடி வெளியே வராமல் நன்றாக ஏற்றிக் கட்டினாள். அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அதற்குள் பேச்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம். பத்து நிமிஷம் ஆனது. பிறகு என்னை உள்ளே வரச் சொன்னார்கள்.

டாக்டர் அம்மாவின் பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. நடுவயது, மூக்கின் நுனியில் கண்ணாடி. அவர் கையில் நான் வாங்கி வந்த பிளாஸ்டர் இருந்தது. பேச்சி பக்கத்தில் நின்றாள்.

"சார், நான் பாத்துட்டு சரின்னு அனுப்பிட்டேன். உங்க பிள்ளைதான் திரும்பி வந்து, மேடம் இது ஒரசல் இல்ல, படைன்னு சொல்லி தானா உரிச்சுக் காட்டுறா. இதை ஒட்டுனது யாருன்னு கேட்டுட்டிருக்கேன்."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பேச்சி, நான்தான் மேடம் ஒட்டினேன் என்றாள்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் எங்கள் அணி முழுவதையும், பையன்களையும் சேர்த்து, திரும்பப் பார்ப்பார். இசக்கிக்குக் கை ஏறக்குறைய ஆறியிருந்தது, ஆனாலும் அடையாளம் இருந்தது. அவன் அதற்குள் ஆண்கள் பக்க டாக்டரையும் தாண்டி, எடை பார்த்து முடித்து வெளியே வந்துவிட்டான். கூடம், மெடல், முதல்வர் எல்லாம் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. நான் சும்மா நின்றேன். டாக்டர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிளாஸ்டரைக் குப்பைக் கூடையில் போட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஏம்மா நீயாக வந்து காட்டினாய் என்று மட்டும் பேச்சியிடம் கேட்டார்.

"எனக்கு அடுத்து நிக்குத பிள்ள மொத வருசம் மேடம். இப்பம்தான் அவளுக்கு சடை பின்னிவிட்டேன். அவளுக்கு ஒட்டிட்டுன்னா, எங்கருந்து வந்துச்சுன்னே தெரியாம முழிப்பா."

ஐம்பத்து மூன்று கிலோவில் பேச்சியின் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த முதல் வருஷப் பிள்ளை அன்று இரண்டாவது வந்தது. இசக்கி தங்கம் வாங்கினான். அவன் ஜெயித்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியது பேச்சி. எனக்குத் தட்டக் கை வரவில்லை.

சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் திரும்பினோம். பையன்கள் பின்னால் பாட்டும் கூத்துமாக வந்தார்கள். பேச்சி ஜன்னலோரம் இருந்தாள். ஆலங்குளம் தாண்டினதும் அவள் கீழப்பாவூருக்கு இறங்க வேண்டிய பாவூர்சத்திரம் வந்துவிடும், அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து போய் அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பினேன். அன்றைக்கு நீ கேட்டபோது நான் இல்லை என்று சொன்னேனே என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"இசக்கிக்குத்தான சார். தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நான் கேக்கதுக்கு முந்தியே தெரியும். வெயிலு அடிக்குத அன்னைக்கும் முழுக்கை சட்டையோட திரியுதான், தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஏன் கேட்ட?"

"நீங்க சொல்லுவியளான்னு பாத்தேன்."

அதில் கோபம் இல்லை. நாளைக்கு லீவா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள். பாவூர்சத்திரம் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, வாரேன் சார் என்று இறங்கிப் போய்விட்டாள். தென்காசி வரைக்கும் நான் அந்த முன் சீட்டிலேயே, திரும்பின வாக்கில், அவள் இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் பையன்கள் வருவதற்கு முன்னால் கூடத்துக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த வாளியை நிமிர்த்தினேன். முழங்கால் போட்டு ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தேன். பாதி துடைத்திருப்பேன், பையன்கள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். துடைத்துக்கொண்டே அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இசக்கி கேட்டுக்கொண்டே இருந்தவன், வந்து என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டான். துடைத்து முடித்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து, ஆபீசிலிருந்து இரண்டு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தோம். முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. சாரல் முழுக்கக் காயாது என்று நான் அடித்துச் சொன்ன விரிப்பு அது. அவ்வளவு சின்ன காரியத்தை நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் பிள்ளைகளிடமும் சொன்னேன். பேச்சி வரவில்லை. மற்ற இரண்டு பேரில் ஒருத்தி, பிளாஸ்டர் ஒட்டினவள், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பவே சொல்லியிருந்தா பேச்சி மேட்ட தொடச்சிருப்பா. அவளுக்கு வந்தே இருக்காது."

நான் எந்தத் திட்டுக்கும் பதில் திட்டு வைத்திருக்கிறவன். அன்றைக்கு வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.

அந்த வாரமே கீழப்பாவூருக்குப் போனேன். பேச்சியின் அப்பா வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மாப்பிள்ளை வீடு ஒன்று வந்திருப்பதாக அவராகவே பேச்சை எடுத்தார். பிள்ளை தோற்றுவிட்டதால் இனிமேல் காத்திருக்க ஒன்றுமில்லை என்றார். வீட்டில் அவள் சொன்னது அவ்வளவுதான், தோத்துட்டேன். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"தோக்கல அண்ணாச்சி. அவ எறங்கவே இல்ல," என்றேன். பிறகு முழுசையும் சொன்னேன், என் பொய்யோடு சேர்த்து. பேச்சியின் அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்டார். பேச்சி உள் அறையில் இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் அப்பா துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டது வேறு.

"அந்த இன்னொரு பிள்ள யாரு? இவளுக்கு சிநேகிதமா?"

"யாருன்னே தெரியாது அண்ணாச்சி. அன்னைக்குத்தான் பாத்திருக்கா."

அவர் உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"அப்படியாப்பட்ட கழுதய போலீசுக்குத்தான் அனுப்பணும்," என்றார். அம்மாவிடம் திரும்பி, ஒரு வருஷம் போகட்டும், மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பு என்றார். எனக்கு எழுந்து அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கதை முடிவில் அவள் தங்கம் வாங்கினாள் என்று எதிர்பார்ப்பீர்கள். வாங்கவில்லை. எங்கள் கல்லூரியிலேயே எம்.காம். சேர்ந்து, மறு வருஷம் இறங்கி, மூன்றாவது வந்தாள். அந்த வெண்கலம் வேலைக்கு உதவவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டை விட்டுவிட்டுப் பொதுப் பிரிவில் போலீஸ் பரீட்சை எழுதினாள். முதல் தடவை போனது, இரண்டாம் தடவை கிடைத்தது. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் யாரும் அவள் பக்கத்தில் வரவில்லை என்று அவள் பெரியப்பா பையன் சொன்னான். கல்யாணமும் அதன்பிறகு நடந்தது, அவள் பார்த்துச் சரி என்று சொன்ன மாப்பிள்ளையோடு. நான் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டேன்.

எங்கள் கூடம் தப்பித்தது இசக்கியின் தங்கத்தால். அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த மெடலை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்தே வரும். ஆனால் அந்தக் கூடத்தில் பிறகு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளாகப் பெண்கள் அணி வளர்ந்ததற்கும், பையன்களும் பிள்ளைகளும் முறை வைத்து விரிப்பைத் துடைத்ததற்கும், ஆளுக்கொரு துண்டில் பெயர் தைத்து வைத்துக்கொண்டதற்கும், யாருக்குத் தோலில் எது வந்தாலும் வெட்கப்படாமல் முதல் நாளே வந்து காட்டினதற்கும் காரணம் நான் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கையையும் கழுத்தையும் ஒருவருக்கொருவர் காட்டிப் பார்த்துக்கொள்வார்கள். முதலில் நானே சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பேன். தொப்பையைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள், கோபமும் குறைவு. ஆனாலும் மெடல் வேண்டும் என்று மேலே இருந்து ஒருவர் சொல்வார், கூடத்தைப் பிடுங்குவேன் என்று இன்னொருவர் சொல்வார். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை வந்து ஒரு கேள்வி கேட்கும். அதற்குப் பதில் தெரிந்துகொண்டுதான் அந்தப் பிள்ளை கேட்கிறது என்று வைத்துக்கொண்டு வாயைத் திறங்கள். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

போன சாரலில் இசக்கி லீவில் வந்திருந்தான். இப்போது ராணுவத்தில் இருக்கிறான், மீசையெல்லாம் வைத்திருக்கிறான். சார், அருவிக்குப் போவோமா என்று வண்டியில் வந்து நின்றான். கிளம்பின அவசரத்தில் அவன் தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். மெயின் அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, அவன் முதலில் துவட்டிவிட்டு என்னிடம் துண்டை நீட்டினான். நானும் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் விசில் ஊதி வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு போலீஸ்காரப் பிள்ளை, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தது. தொப்பி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பேச்சி.

சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றுமில்லை. என் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள், இசக்கியின் வெறும் தோளைப் பார்த்தாள்.

"ஆளுக்கொரு துண்டு கொண்டாந்தியளா சார்?"

இசக்கி வானத்தைப் பார்த்தான். பின்னாலிருந்து நாலு பேர் இடித்துக்கொண்டு போனார்கள். நான் துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"இல்லம்மா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுதான்."

அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு, அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, வாய்விட்டுச் சிரித்தாள்.

"கேட்ட ஒடனே சொல்லிட்டியளே சார்," என்றாள்.

காவல் பந்தலுக்குப் போய்த் தன் பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு துண்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்துவிட்டு, விசிலை வாயில் வைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள். அந்தத் துண்டைத் துவைத்து, காய வைத்து, மடித்து வைத்திருக்கிறேன். இந்தச் சாரலுக்கும் அவளுக்கு அங்கேதான் டியூட்டி என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.